பைகளைக் காப்பவர் யார்?



பள்ளி விடுமுறை முடிந்து வகுப்புக்குத் திரும்பும் மாணவர்களுக்கு 'நான் சென்று வந்த கேளிக்கைப் பூங்கா' என்று ஒரு கட்டுரைத் தலைப்பைத் தருவது நம் தமிழ்ப்பள்ளிகளில் வழக்கமான பயிற்சி. ஆசிரியப் பணியில் இருபது ஆண்டுகளைக் கடந்துவிட்ட நான், இத்தகைய கட்டுரைகளை எத்தனை திருத்தியிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. காலைக்கடன்களை முடித்து, பசியாறிவிட்டு, அப்பாவின் மகிழுந்தில் புறப்பட்டோம் என்று கட்டுரை தொடங்கும். மனமில்லாமல் வீடு திரும்பினோம் என்று முடியும். இடையில் அப்பாவும் அண்ணனும் தம்பியும் எந்தெந்த விளையாட்டுகளில் ஏறினார்கள் என்ற பட்டியல் இருக்கும். அதற்கு நடுவே பெரும்பாலும் ஒரு வாக்கியம் தவறாமல் வந்து நிற்கும்: 'அம்மா நாற்காலியில் அமர்ந்து எங்கள் பைகளைப் பார்த்துக்கொண்டார்.'

எழுத்துப்பிழை இல்லாத வாக்கியம். சிவப்பு மையால் வட்டமிட அதில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் அந்த இடத்தில் என் பேனா சற்று நின்றுதான் நகரும். அந்த நாற்காலியில் அமர்ந்திருக்கும் அம்மாவைப் பற்றித்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சுரங்கப் பள்ளத்தில் ஒரு பூங்கா

கிள்ளான் பள்ளத்தாக்கில் வளர்ந்த என் தலைமுறைக்குக் கேளிக்கைப் பூங்கா என்றால் முதலில் நினைவுக்கு வருவது சன்வே லகூன். கைவிடப்பட்ட ஈயச் சுரங்கம் ஒன்றில் உருவாகி 1990-களின் தொடக்கத்தில் திறக்கப்பட்டது அது. அதனால்தான் இன்றும் மேலே நின்று பார்த்தால் பூங்கா முழுவதும் பெரும்பள்ளம் ஒன்றுக்குள் அமர்ந்திருப்பதைக் காணலாம். ஒரு காலத்தில் மனிதர்கள் மண்ணைக் குடைந்து வயிறு வளர்த்த இடத்தில், பின்னாளில் பிள்ளைகள் நீரில் சறுக்கி விளையாடத் தொடங்கினார்கள்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. கிள்ளானிலிருந்து குடும்பத்தோடு ஒருநாள் அங்குச் சென்றோம். அப்பாவும் பிள்ளைகளாகிய நாங்களும் மாலைவரை நீரிலேயே கிடந்தோம். அம்மா நிழல் பார்த்து ஓரிடத்தில் அமர்ந்தார். துண்டுகள், காலணிகள், அப்பாவின் மூக்குக்கண்ணாடி, பணப்பை எல்லாம் அவர் மடியிலும் காலடியிலும் இருந்தன. நாங்கள் பசித்தபோது அவரிடம் ஓடினோம், குளிர்ந்தபோது ஓடினோம், அடிபட்டபோதும் ஓடினோம். அம்மா அங்கிருந்து அசையவில்லை. அது எங்களுக்கு வியப்பாகவும் இல்லை. தூண் அசையாததைக் கண்டு யாராவது வியப்பார்களா?

கெந்திங் மலைக்குச் சென்ற பழைய குடும்பப் படங்களை எடுத்துப் பாருங்கள். அங்கிருந்த திறந்தவெளிப் பூங்கா 2013-ஆம் ஆண்டு மூடப்பட்டு, 2022-இல் ஸ்கை வேர்ல்ட்ஸ் என்னும் புதிய பூங்கா வந்துவிட்டது. பூங்கா மாறிவிட்டது. ஆனால், குளிராடை அணிந்து தோளில் இரண்டு பைகளுடன் படத்தின் ஓரத்தில் நிற்கும் அம்மா மட்டும் எல்லார் வீட்டுப் படத்திலும் ஒன்றுபோலவே இருக்கிறார்.

நான் மட்டும் ஏறிய நாள்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு பள்ளி விடுமுறையில், கோலாலம்பூர் பெர்ஜாயா டைம்ஸ் ஸ்குவேர் பேரங்காடிக்குள் இருக்கும் கேளிக்கைப் பூங்காவுக்குப் புறப்பட்டோம். கிள்ளானிலிருந்து கொமுட்டர் இரயிலில் கே.எல். சென்ட்ரல் சென்று, பிரிக்பீல்ட்ஸில் தோசை சாப்பிட்டுவிட்டு, அங்கிருந்து மோனோரயில் ஏறி இம்பி நிலையத்தில் இறங்கினோம். நிலையத்திலிருந்து பேரங்காடிக்குள் நடந்தே நுழைந்துவிடலாம். 2003-இல் திறக்கப்பட்ட அந்தப் பூங்காவின் சிறப்பு, கட்டடத்துக்குள்ளேயே தலைகீழாகச் சுழன்று செல்லும் சூப்பர்சோனிக் ஒடிசி என்னும் ரோலர் கோஸ்டர். கடைகளுக்கு மேலே இருப்புப்பாதை ஓடுவதை அண்ணாந்து பார்த்தபோதே என் நெஞ்சு படபடத்தது. அச்சத்தால் மட்டுமன்று, ஆசையாலும்தான்.

என் கணவருக்குச் சுழலும் எதுவும் ஒத்துக்கொள்ளாது. நம் உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை திரும்பும்போது அவற்றுள் இருக்கும் நீர்மம் அசைந்து மூளைக்குச் செய்தி அனுப்பும். அந்தச் செய்தியும் கண் சொல்லும் செய்தியும் பொருந்தாதபோது குமட்டல் வருகிறது. சிலருக்கு இது மிகுதி. என் மகன் இடைநிலைப்பள்ளி மாணவன். உயரம் பிடிக்காது என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்பவன். மகளுக்கு அப்போது எட்டு வயது. நுழைவாயிலில் இருந்த அளவுப்பலகை அவளைத் தடுத்துவிட்டது.

ஆக, மூவருக்கும் ஏறாமலிருக்கத் தக்க காரணம் இருந்தது. எனக்கு ஒரு காரணமும் இல்லை. இருந்தாலும் கால்கள் தாமாகவே நாற்காலியை நோக்கித் திரும்பின. பழக்கம் அப்படி.

"ஏங்க, நான் மட்டும் ஒரு தடவ போயிட்டு வரட்டுமா?" என்று கேட்டேன்.

"போயிட்டு வா. பையை இப்படிக் கொடு," என்றார் அவர்.

வரிசையில் என் முன்னும் பின்னும் இளைஞர்கள். 'ஒருவர் மட்டுமா?' என்று மலாய்மொழியில் கேட்ட பணியாளர், முக்காடிட்ட ஒரு மாணவியின் பக்கத்தில் என்னை அமர்த்தினார். தோள்தாங்கி இறங்கிப் பூட்டிக்கொண்டது. வண்டி ஏறத் தொடங்கியதும் அந்தப் பெண் என் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். முதல் சரிவில் இருவரும் சேர்ந்து அலறினோம். வகுப்பறையில் குரலை உயர்த்தக் கூடாது என்று இருபது ஆண்டுகளாகப் பழகிய தொண்டை அது. அவ்வளவு ஓசை அதற்குள் இருந்தது எனக்கே தெரியாது. இறங்கும்போது, "நன்றி, மக்சிக்," என்று சொல்லிவிட்டுத் தோழியரோடு ஓடிவிட்டாள்.

ஆசிரியர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள். கல்விச் சுற்றுலாவுக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் நாளில் நாம் எதையும் பார்ப்பதில்லை. தலைகளை எண்ணிக்கொண்டே இருப்போம். பேருந்தில் ஒருமுறை, வாயிலில் ஒருமுறை, கழிவறைக்குப் போய் வந்ததும் ஒருமுறை. வீட்டிலும் அந்த எண்ணிக்கை ஓய்வதில்லை. அந்த ஓட்டம் முடிய இரண்டு மணித்துளிகள் ஆகியிருக்குமோ என்னவோ, அவ்வளவு நேரமும் நான் யாரையும் எண்ணவில்லை. கவலைப்படவும் நேரமில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு மனம் முழுவதும் ஓரிடத்தில் இருந்தது.

"அம்மா விழுந்திருந்தா?"

கீழே வந்து பார்த்தால், மகள் அழுதுகொண்டிருந்தாள். அம்மா தலைகீழாகப் போனதைக் கண்டிருக்கிறாள். "அம்மா விழுந்திருந்தா?" என்பதே அவளது கேள்வி.

'ஒன்றும் ஆகாது' என்று சொல்லிக் குழந்தையின் வாயை அடைப்பது எளிது. ஆனால், அச்சத்துக்கு அதட்டலைவிட விளக்கம் நல்ல மருந்து என்பது என் நம்பிக்கை. அன்றிரவு தாளும் பென்சிலும் எடுத்து அவளுக்கு வரைந்து காட்டினேன்.

ரோலர் கோஸ்டரின் சக்கரங்கள் மூன்று வகை. ஒன்று பாதையின் மேல் உருளும். ஒன்று பக்கவாட்டில் அணைத்துக்கொள்ளும். மூன்றாவது பாதையின் அடியில் இருக்கும். வண்டி மேலே எழும்ப முயன்றால் இந்த அடிச்சக்கரம் விடாது. இதை அமெரிக்கரான ஜான் மில்லர் 1919-இல் காப்புரிமை பெற்றுப் பரவச் செய்தார். மூன்று பக்கமும் பாதையைப் பற்றியிருக்கும் வண்டி, தலைகீழானாலும் பாதையை விட்டுப் பிரிவதில்லை.

இன்னொரு செய்தி அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. இத்தகைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் இயங்குபொறியே கிடையாது. ஒரு சங்கிலி உச்சிவரை இழுத்துச் சென்று விட்டுவிடும். அதன்பின் புவியீர்ப்பு விசைதான் ஓட்டுநர். 1884-இல் நியூயார்க்கின் கோனி தீவில் லமார்க்கஸ் தாம்சன் என்பவர் ஐந்து காசு கட்டணத்தில் ஓட்டிய வண்டியும் இப்படிச் சரிந்து ஓடியதுதான். அதன் வேகம் மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் அளவே, மிதிவண்டிகூட முந்திவிடும்!

தலைகீழ் வளையத்துக்கும் ஒரு கதை உண்டு. 1895-இல் அதே கோனி தீவில் முழுவட்ட வடிவில் ஒரு வளையத்தை அமைத்தார்கள். வட்டத்துக்குள் நுழையும்போது விசை திடீரென்று கூடியதால், பயணம் செய்தவர்களின் கழுத்து வலித்தது. இக்கால வளையங்கள் முழுவட்டமாக இருப்பதில்லை. நீர்த்துளியைப்போல் மேலே குறுகியும் கீழே அகன்றும் இருக்கும். வளைவு சிறிது சிறிதாகக் கூடுவதால் உடல் அதைத் தாங்கிக்கொள்ளும். 1976-இல் கலிபோர்னியாவில் திறக்கப்பட்ட ரெவல்யூஷன் என்னும் வண்டிக்குச் செருமானியப் பொறியியலாளர் வெர்னர் ஸ்டெங்கல் இவ்வடிவத்தை அமைத்துக் கொடுத்த பிறகு, உலகெங்கும் இதுவே வழக்கமாயிற்று.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ அடியில இருக்கிற சக்கரம்தான் அம்மாவைப் பிடிச்சிக்குதா?" என்றாள். ஆம் என்றேன். அடுத்தமுறை சென்றபோது என் மூக்குக்கண்ணாடியை வாங்கி இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "நான் எண்ணிக்கிட்டே இருக்கேன், வந்துடணும்," என்று வழியனுப்பினாள். திரும்பியபோது நூற்று இருபத்தேழு வரை எண்ணியிருந்தாள். அழவில்லை.

காத்திருப்பவர் தரும் துணிவு

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் குழந்தை உளவியல் படித்த நண்பர்களுக்கு மேரி எயின்ஸ்வர்த் என்னும் பெயர் நினைவிருக்கலாம். 1950-களில் உகாண்டாவில் தாய்மார்களையும் குழந்தைகளையும் நெருங்கிக் கவனித்து, பின்னர் அமெரிக்காவிலும் ஆய்வைத் தொடர்ந்தவர். தாய் அருகில் இருக்கிறாள் என்ற உறுதி பெற்ற குழந்தை, தாயைவிட்டு நகர்ந்து சென்று புதியவற்றை ஆராய்கிறது. அவ்வப்போது திரும்பிப் பார்த்துக்கொள்கிறது. இதைப் பாதுகாப்பான தளம் என்று அவர் குறிப்பிட்டார். ஜான் பௌல்பி இக்கருத்தை விரிவாக்கி, அது குழந்தைப் பருவத்தோடு முடிந்துவிடுவதில்லை என்றும் எழுதினார்.

தேர்வுக்காகப் படித்த அந்தப் பாடத்தின் பொருள் எனக்கு அந்த வண்டியில்தான் விளங்கியது. உச்சிக்குப் போகும்போது நானும் கீழே பார்த்தேன். நாற்காலியில் மூன்று சிறிய உருவங்கள். அவர்கள் அங்கே இருந்ததனால்தான் எனக்கு அந்தத் துணிவு வந்தது. யாருமே காத்திராத ஒரு நாளில் தனியாக அங்குச் சென்று நான் ஏறியிருப்பேனா என்றால், ஐயம்தான். என் அம்மா அன்று சன்வேயில் அசையாமல் இருந்தார் என்றேனே, அதன் அருமையும் அப்போதுதான் புரிந்தது. நாங்கள் அவ்வளவு தூரம் ஓடியதற்கு அவர் அங்கே அமர்ந்திருந்ததே காரணம்.

காத்திருத்தல் வெறுமனே அமர்ந்திருத்தல் ஆகாது. அது ஒரு பணி. இன்னொருவரைப் பறக்கவிடும் பணி. அந்தப் பணியை ஏன் எப்போதும் ஒருவரே செய்ய வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

பெரிய பூங்காக்களே இதை உணர்ந்திருக்கின்றன. அமெரிக்காவின் டிஸ்னி, யுனிவர்சல் பூங்காக்களில், சிறு பிள்ளையோடு ஒரு பெற்றோர் காத்திருக்க, மற்றவர் ஏறி இறங்கிய பின், காத்திருந்தவர் மீண்டும் நீண்ட வரிசையில் நிற்காமல் ஏறுவதற்கு ஏற்பாடு உண்டு. சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோவில் தனியாக வருபவர்களுக்கென்று தனி வரிசை கொண்ட வண்டிகள் இருக்கின்றன. மற்றவர்கள் நிரப்பாமல் விட்ட ஒற்றை இருக்கைகளில் அவர்களை அமர்த்துவார்கள். ஆக, உலகில் தனியாக ஏறுபவள் நான் ஒருத்தி மட்டும் இல்லை என்று தெரிந்து ஆறுதலடைந்தேன்.

"பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டுத் தாய் ஆடப் போவதா?"

உறவினர் ஒருவர் என்னிடம் நேராகவே இப்படிக் கேட்டார். நியாயமான கேள்விதான். பிள்ளைகளின் நாளை நம் நாளாக்கிக்கொள்ளக் கூடாது. ஆகவே, எங்கள் வீட்டில் சில ஒழுங்குகளை வைத்திருக்கிறோம். உங்களுக்கும் பயன்படக்கூடும்.

முதலாவது, பிள்ளைகள் விரும்பியவற்றில் ஏறி முடித்த பிறகே எங்கள் முறை. நீண்ட வரிசை உள்ள வண்டி என்றால் ஒருமுறைதான்.

இரண்டாவது, காத்திருப்பவர்களுக்கு நிழலும் தண்ணீரும் கழிவறையும் அருகில் இருக்க வேண்டும். எவ்வளவு நேரம் ஆகும் என்பதைப் புறப்படும்முன் சொல்லிவிட வேண்டும். சொன்ன நேரம் கடந்தால் வரிசையைவிட்டு வெளியேறிவிட வேண்டும்.

மூன்றாவது, உடல்நிலையில் விளையாட்டு கூடாது. இதயநோய், உயர் இரத்த அழுத்தம், முதுகு, கழுத்து வலி உள்ளவர்களும் கருவுற்றிருப்பவர்களும் ஏறக்கூடாது என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தால், அது நமக்காகவே எழுதப்பட்டது என்று கொள்ள வேண்டும். நாற்பதைக் கடந்த நான் இரத்த அழுத்தத்தைச் சோதித்துக்கொண்டுதான் செல்கிறேன்.

நான்காவது, மிக முக்கியமானது. ஏற விரும்பாத பிள்ளையை ஒருபோதும் வற்புறுத்துவதில்லை. 'ஆம்பளப் பிள்ள பயப்படலாமா?' என்ற கேலி எங்கள் வீட்டில் இல்லை. என் மகன் இன்றுவரை எந்த ரோலர் கோஸ்டரிலும் ஏறியதில்லை. 'எனக்கு வேண்டாம்' என்று பலர்முன் சொல்லவும் துணிவு வேண்டும் அல்லவா? ஏறுவதற்கு எனக்குள்ள உரிமைக்கும் ஏறாமலிருக்க அவனுக்குள்ள உரிமைக்கும் வேறுபாடில்லை. நான் ஏறும்போது பைகளைக் காப்பவன் பெரும்பாலும் அவன்தான். அதில் அவனுக்குக் குறையொன்றும் இல்லை.

யாரும் கேட்கவில்லை

இவற்றையெல்லாம் ஒருநாள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு இப்போது எழுபது வயது. திருமணத்துக்கு முன் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். "அன்னிக்கு சன்வேயில நீங்க ஏன்மா எதிலயும் ஏறல? பயமா?" என்று கேட்டேன்.

சிறிது நேரம் யோசித்தார். "பயமெல்லாம் இல்ல. ஏறுறியான்னு யாரும் கேக்கலையே," என்றார். குரலில் வருத்தம் இல்லை. கடையில் சீனி விலை சொல்வதுபோல் சொன்னார்.

சென்ற ஆண்டு, எங்கள் குடியிருப்புக்கு அருகிலுள்ள திடலில் சில நாள்களுக்குக் கேளிக்கைச் சந்தை போட்டிருந்தார்கள். பெரிய ராட்டினம் ஒன்று மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. "ஏறுறீங்களாம்மா?" என்று கேட்டேன். வேண்டாம் என்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கைப்பையை என்னிடம் நீட்டினார். கூட வருகிறேன் என்றதற்கு, "நீ பிள்ளைங்களப் பார்த்துக்க," என்று சொல்லிவிட்டுத் தனியாகவே போய் அமர்ந்தார்.

கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா கம்பியைப் பிடித்தபடி எங்களைத் தேடவே இல்லை. தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்ததும் என்னிடம் பையை வாங்கிக்கொண்டு, "மேல நல்ல காத்து," என்றார். இன்னொருமுறை ஏறுகிறீர்களா என்று பேத்தி கேட்டாள். "நாளைக்கும் இருக்குமா?" என்று திருப்பிக் கேட்டார்.

அன்புப் பெற்றோர்களே, அடுத்த விடுமுறையில் எங்குச் சென்றாலும், பைகளோடு நாற்காலியில் அமரப் போகிறவரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவர் அம்மாவாக இருக்கலாம், பாட்டியாக இருக்கலாம், சில வீடுகளில் அப்பாவாகவும் இருக்கலாம். வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள். சரி என்றால், பையை வாங்கிக்கொண்டு அவர் திரும்பி வரும்வரை அங்கேயே இருங்கள்.